அப்பா வாய் திறக்காத இறுதிப்போட்டி

எங்கள் ஊர் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. கனடாவில் இருப்பவர், பாரிசில் இருப்பவர், ஊரிலேயே இருந்துகொண்டு கனடாக்காரரைவிட அதிகம் எழுதுபவர் என்று எல்லோரும் அதில் உண்டு. யாராவது மைதானத்தின் பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டால் அன்றைக்கு ஒருவருக்கும் வேறு வேலை ஓடாது. கோவிலுக்குப் பின்னால், கடலை ஒட்டிக் கிடக்கும் மணல் மைதானம் அது. காலையில் வலை காயும், பின்னேரம் பந்து ஓடும். அங்கே நடந்த ஓர் இறுதிப்போட்டியைப் பற்றித்தான் இன்றுவரை சண்டை. முதல் கோல் தலையால் போனதா காலால் போனதா, செல்லாது என்ற கோல் உண்மையில் செல்லுமா செல்லாதா என்று எழுதித் தள்ளுவார்கள். முடிவில் யாராவது என்னை இழுப்பார்கள். "நீ உன்ரை அப்பரோடை முன்னுக்கு நிண்டனி எல்லோ, நீயே சொல்லு."

நான் பதில் போடுவதில்லை. உண்மை என்னவென்றால், அந்தப் போட்டியில் நான் ஒரு கோலையும் பார்க்கவில்லை. தொடக்கத்திலிருந்து முடியும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றது அப்பாவின் தொண்டையை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா விளையாட்டுக்காரர் அல்லர். அவர் பந்தை உதைத்தால் பந்தைவிடச் செருப்புத்தான் தூரம் போகும். ஆனால் கடலில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல் அவருக்கு. கோட்டோரம் நின்று "விடாதை, விடாதை!" என்று அவர் தொடங்கினால் எங்கள் பக்கம் முழுவதும் சேர்ந்து கத்தும். எதிர்ப்பக்கத்தில் அதே உத்தியோகம் பார்த்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். அம்மாவின் ஊர் அதே கரையில் இரண்டு மைல் தள்ளி இருந்தது. இரண்டு ஊர்க் கழகங்களுக்கும் ஒருநாளும் ஒத்துவராது.

அதற்கு முந்திய வருடத்து இறுதிப்போட்டியில்தான் வினை வந்தது. கோட்டோரம் கொடி பிடிக்க வரவேண்டியவர் வரவில்லை. மாமா தானாகவே முன்வந்து கொடியை வாங்கினார். நாங்கள் கோல் அடித்த நேரம் பார்த்து ஓஃப்சைட் என்று அதைத் தூக்கினார். "உங்கடை ஊரே கள்ளக் கூட்டம்!" என்று அப்பா மைதானம் அதிரக் கத்தினார். மாமா கொடியைக் கீழே போட்டுவிட்டு, "அப்ப ஏன் எங்கடை வீட்டிலை பொம்பிளை எடுத்தனீ?" என்று திருப்பிக் கேட்டார். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். அன்றோடு அப்பா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா யேசு பிறந்த நத்தாருக்குக்கூடத் தாய்வீடு போகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சித்திக்குக் கலியாணம் பொருந்தியது. அம்மாவுக்கு இருந்த ஒரே தங்கை அவள். கலியாணம் புதன்கிழமை. இறுதிப்போட்டி அதற்கு முந்திய சனிக்கிழமை, அதே இரண்டு கழகங்களுக்கும் இடையில். சித்தி தனியாகத்தான் அழைப்பிதழ் கொண்டுவந்தாள். கதிரை நுனியில் குந்திக்கொண்டு, "அத்தான், அண்ணை உங்களையும் கூப்பிடச் சொன்னவர். ஆனால் இந்த முறையும் மெச்சிலை ஒரு சொல்லு வந்தால், உங்கடை வீட்டிலையிருந்து ஒருத்தரும் வரத் தேவையில்லையாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் போனதும் அம்மா அப்பாவிடம், "இந்த ஒருமுறை மெச்சுக்குப் போகாமல் இருங்கோவன்" என்றாள். மூச்சு விடாமல் இரு என்று சொன்னதுபோல அப்பா அவளைப் பார்த்தார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்பா போகலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்பது என் பொறுப்பு. சனிக்கிழமை தலை சீவிவிடும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: "கையை விடாதை. அப்பான்ரை தொண்டை ஏறினால் உடனை கிள்ளு. உன்னைத்தான் நம்பியிருக்கிறன்."

மைதானத்துக்குப் போகும் வழியிலேயே எனக்கு இரண்டு தரம் ஒன்றுக்கு வந்தது.

விசில் ஊதிய கையோடு அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள் என்று சத்தத்தில் தெரிந்தது. அப்பாவின் தொண்டை ஏறியது. கிள்ளினேன். இறங்கியது. பக்கத்தில் நின்ற, ஊர்ச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கும் அண்ணை, "என்னண்ணை, வாயிலை கொழுக்கட்டையோ?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "மச்சான் வாயைத் தைச்சுவிட்டிட்டான்போலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது, ஆனால் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கத்தாததால் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் கத்த வரவில்லை. எங்கள் சொந்த மைதானத்தில் மாமாவின் குரல் மட்டும் கேட்டது. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மாமாமேல் கோபம் வந்தது, இரண்டையும்விடப் பயம் பெரிதாக இருந்தது. பிறகு அவர்கள் இன்னொன்று அடித்தார்கள், நாங்கள் ஒன்று அடித்தோம். எங்கள் கோலுக்கும் கிள்ளினேன். சந்தோசத்தில் எந்தச் சொல் வரும் என்று யாருக்குத் தெரியும்?

இடைவேளையில் அப்பாவின் கைபேசி அடித்தது. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"கத்தினவரோ?" என்றாள் அம்மா.

"இல்லை."

"ஒரு சொல்லும்?"

"ஒரு சொல்லும் இல்லை. ரெண்டுக்கு ஒண்டு."

"ஆருக்கு ரெண்டு?"

"மாமாவையளுக்கு."

தண்ணீர் குடித்தாயா என்று கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

இரண்டாம் பாதியில் அப்பாவின் கையில் நான் கிள்ளாத இடம் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பக்கம் ஒரேயடியாக வெடித்தது. சங்கக்கடை அண்ணை என்னைத் தூக்கிக் குலுக்கிக் கீழே விட்டார். சமன் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த நொடி சத்தம் பொசுக்கென்று அடங்கியது. கொடி உயர்ந்திருந்தது. இந்த முறை பட்டினத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் பிடித்த கொடி. பந்து போகிற பக்கமெல்லாம் கோட்டோரமாக ஓடித் திரிந்த மாமா எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, "சரியான தீர்ப்பு!" என்று கை தட்டினார்.

அப்பாவின் தொண்டை ஏறியது. கிள்ளினேன். இறங்கவில்லை. வாய் திறந்துவிட்டது. என்ன சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் புழங்கிய சொல் அது. அது வந்தால் அம்மா புதன்கிழமை தங்கையின் கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பாள். அப்பா சொல்லக் கூடாது என்றுதான் அம்மா சொன்னாள். நான் சொல்லக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எப்படியாவது பறித்துவிட வேண்டும் என்று மட்டும் எனக்கு அப்போது தோன்றியது.

"கள்ளக் கூட்டம்!" என்று நான் கத்தினேன். "உங்கடை ஊரே கள்ளக் கூட்டம்!"

அப்பாவின் குரல் எனக்கும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

மாமா திரும்பினார். நடந்து வந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். மாமா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "பிள்ளைக்கு இதைத்தான் பழக்கி வைச்சிருக்கிறியோ?" என்பதுதான்.

அப்பா தலையை ஆட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. "அப்பாவைக் கதைக்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ!" என்று அழுதுகொண்டே சொன்னேன். "அவர் கத்தினால் அம்மாவுக்குக் கலியாணத்துக்குப் போகேலாதாம். அவருக்கு வாயிலை வந்திட்டுது, அதுதான் நான் சொன்னனான்."

மாமா அப்பாவின் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்பும் நீலமுமாக இருந்தது.

"தொடக்கத்திலையிருந்து வாய் திறக்கேல்லையோ?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"ரெண்டு கோல் வாங்கியுமோ?"

அதற்கும் தலையாட்டினார்.

மாமா திரும்பிப் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் மைதானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவருடைய ஆட்கள் அங்கிருந்து கூப்பிட்டார்கள், கையைக் காட்டி இருக்கச் சொன்னார். மீதி நேரம் முழுவதும் இரண்டு ஊரிலும் பெரிய குரல்காரர் இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். எனக்கு அது கத்தியதைவிடப் பயமாக இருந்தது. விசில் ஊதியதும் மாமா, "புதன்கிழமைக்கு ஏன் வாறாய், செவ்வாய்க்கிழமை விடிய வெள்ளென வா. பந்தல் போட ஆள் போதாது" என்று மைதானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகம் இறுகித்தான் இருந்தது.

வீட்டில் அம்மா வாசல் படலையில் நின்றாள். அப்பா நேரே கிணற்றடிக்குப் போனார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மாமா அடிக்கத்தான் கூப்பிடுறாரோ அம்மா?" என்று கேட்டேன். அம்மா குசினிப் படியில் தொப்பென்று இருந்து, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். எல்லாம் முடிந்தது, கலியாணத்தைக் குழப்பியது நான்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல மூலையில் போய் நானாகவே முழங்காலில் நின்றேன். முகம் கழுவி வந்த அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆர் செத்தது?" என்றார். மைதானத்துக்குப் போனதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா அழுகைக்குள் சிரித்தாள்.

அவர் உடுப்பு மாற்ற உள்ளே போகும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை எழுப்பி முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, காதோடு காதாகக் கேட்டாள்.

"கடைசியிலை ஆர் வெண்டது?"

"மாமாவையள்தான்" என்றேன், துக்கத்தோடு.

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமாகத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பிறந்த ஊர் வென்றிருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர் தோற்றதற்கு இவள் சிரிக்கிறாளே என்றுதான் பட்டது. அந்தக் கோபத்தில் அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணீரை நான் தொடவில்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை.