மலாபோவுக்குப் போன சரக்குத்தூள்

பாரிசின் லா சப்பலில் சரக்குத்தூளைப் பதமாக வறுத்து அரைத்துத் தருகிற கடைகள் என் கணக்கில் மூன்று. அவற்றில் ஒன்றுக்குத்தான் சார்செலில் இருந்து ரயிலேறி வந்திருந்தேன். எக்குவடோரியல் கினியில் வேலை பார்க்கும் என் மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்க அவளுடைய தாய் உயிரோடு இல்லை. மருமகனோ கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. நினைத்தபடி வீட்டுக்கு வரமுடியாது. நான்தான் போகவேண்டும். எனக்குத் தேநீருக்கு மேல் எதுவும் வராது.

“அது எங்கை அண்ணை இருக்கு?” என்று கேட்டார் கடைக்கார அம்மா.

“ஆப்பிரிக்காவிலை. ஸ்பானியர் ஆண்ட நாடு.”

“அங்கை மிளகு இல்லையோ?”

“தெரியாது. அதுதான் மூண்டு பொதி கேக்கிறன்.”

“ஊருக்கே சமைக்கப் போறியளோ? ஒண்டு காணும்.”

மூன்றுதான் வாங்கினேன். எழுத்தில்லாத பைகளில் மண்ணிறத் தூளைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற நம்மவர்களால்தான் முடியும்.

மகள் இருக்கும் மலாபோவின் விமான நிலையத்தில் அறிவிப்புகள் எல்லாம் ஸ்பானிய மொழியில் இருந்தன. சுங்க மேசையில் இருந்த அம்மாவுக்கு நல்லவேளையாகப் பிரெஞ்சு தெரியும். மூன்று பொதிகளையும் வரிசையாக வைத்து, இது என்ன என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கான சாப்பாடு என்றேன். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

“சரி, எப்படிச் சமைப்பீர்கள்?”

தூளைப் பறித்துவிடுவார்கள், மகள் வெறும் ரசத்தோடு கிடக்கப்போகிறாள் என்ற பயத்தில் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்ன அண்ணை, பிள்ளை பிறந்திட்டுதோ?”

“இல்லை. என்னை மறிச்சு வைச்சிருக்கினம். இதை எப்பிடிக் காய்ச்சுறது?”

“எயார்போட்டிலையோ சமைக்கப் போறியள்?”

தொலைபேசியைச் சுங்க அம்மாவிடம் நீட்டினேன். இருவரும் பிரெஞ்சில் தொடங்கியவர்கள் என்னை மறந்துபோனார்கள். உள்ளிப் பல்லை முழுதாகப் போடவேண்டும், பழப்புளி விடவேண்டும், மீன் போட்டபின் அகப்பையால் கிளறக்கூடாது என்று லா சப்பலில் இருந்து குரல் வந்தது. தங்கள் ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்கு மிளகு போட்ட மீன் சூப்தான், ஆனால் புளி எதற்கு என்று சுங்க அம்மா மறித்தார். பின்னால் வரிசை நீண்டது. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பொதியைத் திறந்து மணந்து பார்த்து, தும்மிவிட்டு, மூன்றையும் என் பக்கம் தள்ளினார்.

“எந்த மீன் நல்லது?” என்று நானே கேட்டேன்.

“காலையில் சந்தைக்குப் போங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள்.”

பேரன் பிறந்து மகள் வீட்டுக்கு வந்த அன்று காலை சந்தைக்குப் போனேன். இரும்புக் கம்பி போட்ட பழைய ஸ்பானிய மாடங்களை எண்ணிக்கொண்டு நடந்ததில் திருப்பத்தை ஒருமுறை தவறவிட்டேன். சந்தையில் நம்முடைய சேம்பங்கிழங்கு மாதிரியே ஒன்று குவிந்திருந்தது; அதை என்ன செய்வார்கள் என்று விசாரிக்கப் போய் மீனை மறக்கப் பார்த்தேன்.

மத்தியானம் மகள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

“மீன் உடைஞ்சு போச்சு, அப்பா.”

“ஓம்.”

“உறைப்பும் காணாது. நாளைக்கு இன்னும் ஒரு கரண்டி தூள் போடுங்கோ.”

சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் சோறு கேட்டாள். நாளைக்கு வேறு மீன் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.