முதுகில் ஒட்டிய கிரீம்

நான் திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தார், விலை உயர்ந்த முகக் கிரீம் ஒன்றைச் சோதிக்க எங்கள் தெருப் பெண்களை அழைத்தார்கள். ஆங்கிலப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கிரீம் தடவிய பட்டைகளை, முகத்துக்குப் பதிலாக முதுகில் ஒட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் முதுகு தீயாக எரிந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் செய்தபோது, அங்கிருந்த பெண், "ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க. இப்பவே எடுத்தா ரிசல்ட் கெட்டுடும்" என்றாள்.

துறைமுக வேலை முடிந்து வந்த என் கணவர் முதுகைப் பார்த்ததுமே கத்தினார். "இன்னாமே, தோலு வெந்து கீது! அவுங்க ரிசல்ட்டுக்கு நீ வெந்துகினு இருப்பியா?" உடனே பட்டைகளை எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் புண் ஆழமாகியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுவாரம் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் என் பதிவைக் காட்டச் சொன்னேன். 'சொந்தக் காரணத்தால் விலகினார்' என்று எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்கள். என் கொப்புளங்களை மறைத்துவிட்டு, பாதுகாப்பான கிரீம் என்று விற்பார்களாம்! டாக்டர் சீட்டை மேஜைமேல் போட்டு, "எரிஞ்சுது, கொப்புளிச்சுதுன்னு எழுது. எழுதாம நான் போவ மாட்டேன்" என்றேன். என் கண்ணெதிரே திருத்தினார்கள்.

இப்போதெல்லாம் தமிழில் படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எங்கள் தெருவில் யாரைச் சோதனைக்கு அழைத்தாலும் கூடவே போகிறேன். "எரிஞ்சா அந்த நிமிசமே எடுத்துடுவோம், சம்மதமா?" என்று சோதிப்பவர்களிடம் முதலில் கேட்கிறேன்.