அடியில் கறுப்பு ஸ்பாஞ்சு

அன்று எதிர்வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, மனைவியின் அண்ணன், தொட்டிக்குள் ஒரு மீன். அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஒரு அம்மா, சொம்பு கொண்டுவந்து கொடுத்ததே தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொம்பு எங்கள் வீட்டுச் சொம்பு.

வீட்டுக்காரர்கள் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் தன் மனைவியோடு உம்ராவுக்குப் போயிருந்தார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர். பெரிய குரல். கடைக்குள் நின்றபடி ஒரு டப்பா வெள்ளை கேட்டார் என்றால் அடுத்த தெருவில் இருக்கும் குடோனிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டு வருவான். நடுவில் போன் கிடையாது.

புனிதப் பயணம் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவது எங்களில் வழக்கம். அவரும் வந்தார். "தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகுற மாதிரி பேசியிருந்தா மன்னிச்சிடு தம்பி!" என்று வாசலில் நின்று அவர் சொன்னது, ஏதோ வசூலுக்கு வந்தது போல இருந்தது. நான் பயந்துபோய் உடனே மன்னித்தேன். அதன்பின் சாவியைக் கையில் கொடுத்தார்.

"காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் தீனி போடு. ஃபில்டர் பக்கம் மட்டும் கைய கொண்டு போயிடாத. மீன் உங்கிட்ட அமானிதம்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதற்கு ஒரு குறை வந்தால் இங்கேயும் பதில் சொல்ல வேண்டும், மறுமையிலும் பதில் சொல்ல வேண்டும். இந்த வார்த்தையை என்னைப் போன்ற ஆளிடம் சொல்லியிருக்கவே கூடாது. கேஸை அணைத்துவிட்டுப் படுத்து, மறுபடி எழுந்துபோய் அணைத்திருக்கிறேனா என்று பார்க்கிறவன் நான். தெருவில் ஆம்புலன்ஸ் போனால் சொந்தக்காரர்களை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.

மீன் சாதாரண மீன் இல்லை. ப்ளவர்ஹார்ன் என்கிறார்கள். சிவந்த உடம்பு, நெற்றியில் கொழுக்கட்டை வைத்தது போல ஒரு புடைப்பு. அண்ணனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். கடை மூடிவிட்டு வந்தால் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு அன்றைய வியாபாரத்தை அதனிடம்தான் சொல்வார். அவர் கத்துவது கேட்டு ஓடி ஒளியாத ஒரே உயிர் அந்த மீன் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். அதற்கு ஒன்று என்றால் அந்த மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஃபில்டர் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருந்தது. மூடி போட்ட வாளி மாதிரி ஒரு சாமான், தலையில் மோட்டார். ஒரு குழாய் தொட்டித் தண்ணீரை அதற்குள் கொண்டு போகும், இன்னொரு குழாய் சுத்தம் செய்து திரும்பத் தொட்டிக்கே அனுப்பும். தெருக்கோடியில் பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா குடும்பம் ஒன்று, வீட்டை விற்று பிரான்சுக்கே போனபோது அண்ணனிடம் தள்ளிவிட்டுப் போன பொருள் அது. கூடவே ஒரு விளக்கப் புத்தகம். முழுக்க பிரெஞ்சு. தமிழில் இருந்தால் மட்டும் நான் என்ன கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம். எட்டாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குஷன் கடையில் ஸ்பாஞ்சு வெட்டப் போனவன் நான். சோபா, ஆட்டோ சீட்டு, டாக்டர் வீட்டு நாற்காலி, எதுவாக இருந்தாலும் உட்காருகிற இடத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீனி போடப் போனபோது தொட்டிக்குள் விழும் தண்ணீர் ஒல்லியாகிவிட்டிருந்தது. அலமாரியைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன். முனகியது. மனைவியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த மச்சானும் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். மச்சான் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர்.

"அண்ணனுக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்றேன்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "எவ்ளோ காலம் ஆசப்பட்டு போயிருக்காரு. அங்க நின்னு அழுது துஆ கேட்டுக்கிட்டு இருக்குற மனுஷன்கிட்ட ஃபில்டரப் பத்தியா கேப்பீங்க?"

கேட்க முடியாதுதான். அதனால் திறந்தோம்.

உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தட்டுகள், டிபன் கேரியர் மாதிரி. ஒன்றில் கரடுமுரடான கறுப்பு ஸ்பாஞ்சு, ஒன்றில் சன்னமான நீல ஸ்பாஞ்சு, ஒன்றில் சுட்ட மண்ணில் செய்தது போன்ற குட்டிக் குட்டி வளையங்கள், ஒன்றில் வெள்ளைப் பஞ்சு. எல்லாவற்றிலும் சேறு. எடுத்த வரிசையிலேயே பேப்பரில் பரப்பி வைத்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் மனைவி எல்லாவற்றையும் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய் தேய் என்று தேய்த்து, ஸ்பாஞ்சை ஸ்பாஞ்சோடும் வளையத்தைத் தனியாகவும் அழகாக வகைபிரித்து அடுக்கிவிட்டாள்.

"வரிசை போச்சே!" என்றேன்.

"எந்த வரிசை?" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. கறுப்பு ஸ்பாஞ்சில் அழுக்கு இன்னும் இருக்கிறதா என்று தொழில் பழக்கத்தில் நான் ஒரு பிழி பிழிந்தேன். பழைய ஸ்பாஞ்சு. கையோடு தூள் தூளாக வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது. ஸ்பாஞ்சுதானே? கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலேயே உசத்தியான ஃபோமில் ஒரு துண்டைத் தட்டின் அளவுக்குப் பிசிறில்லாமல் வெட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்து, எது அடியில் எது மேலே என்ற சண்டை. விளக்கப் புத்தகத்தில் ஒரு படம், படத்தில் ஓர் அம்பு. அம்பு மேலே போகிறது என்றார் மச்சான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்றேன் நான்.

"மாப்ள, இது தம் கணக்குதான். நெருப்பு அடியில. ஆவி மேல ஏறும். கனமான சரக்கு அடியில போவணும்."

"தண்ணிக்கு ஏது மச்சான் ஆவி? சீட்டுக்குப் போடுற மாதிரி போடுவோம். அடியில முரடு, மேல மெத்து."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மனைவி. "நம்ம வீட்டுக் குடிதண்ணி ஃபில்டர்ல தண்ணி மேல ஊத்துறோமா, கீழ ஊத்துறோமா? மேலதானே? அப்ப முரட்டு ஸ்பாஞ்சு மேல, பஞ்சு கடைசியில. இதுக்குப் போயி தம்மு, சீட்டுன்னுக்கிட்டு."

எங்கள் வீட்டில் கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சட்டம், கடைசியாகப் பேசுவது எப்போதும் அவள்தான். பஞ்சை அடியில் போட்டு, என் ஃபோமை மேலே வைத்து, மூடி, சுவிட்சைப் போட்டோம்.

மோட்டார் உறுமியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

வெயில் காலம். தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போல வெதுவெதுப்பாக இருந்தது. மீன் மெல்ல மேலே வந்தது. வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்துத் திறந்து திறந்து மூடியது. என் நெஞ்சும் அதே தாளத்தில் அடித்துக்கொண்டது.

"கொண்டு போயி நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல விட்டுட்டு வந்துடலாமா? அங்க தண்ணிக்குப் பஞ்சமில்ல," என்றார் மச்சான். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. அண்ணன். வீடியோ கால்.

"எடுக்காதீங்க," என்றாள் மனைவி.

"எடுக்கலன்னா மீனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனப்பாரு."

"ஆயிடுச்சுதானே?"

எடுத்தேன். மதீனாவில், பள்ளிவாசல் முற்றத்தில், பெரிய குடைகளுக்குக் கீழே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த இடத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை, அவ்வளவு மரியாதையான இடம். அவரும் மெல்லிய குரலில் சலாம் சொன்னார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"உங்க எல்லாருக்கும் துஆ செஞ்சேன் தம்பி. பேர் சொல்லிச் செஞ்சேன். எங்க, மீன காட்டு."

அலமாரி தெரியாதபடி போனைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்சிவிட்டு, சட்டென்று நிறுத்தினார்.

"தண்ணி ஏன் ஆடல?"

"காத்து இல்லண்ணே."

"கூடத்துக்குள்ள என்னடா காத்…" என்று பழைய குரல் கிளம்பியது. பக்கத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். திறந்தார். "…தம்பி?" என்று முடித்தார், தேன் மாதிரி.

அவர் கத்தியிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அந்த இனிப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஃபில்டரைத் திறந்ததைச் சொன்னேன்.

"சுப்ஹானல்லாஹ்," என்றார்.

வரிசை மறந்துவிட்டது என்றேன்.

"சுப்ஹானல்லாஹ்."

அவருடைய மனைவியின் கை ஒன்று திரைக்குள் வந்து அவர் நெஞ்சைத் தடவிக் கொடுத்தது.

"அந்த வளையத்த கழுவலல்ல?" என்று கேட்டார்.

"பளிச்சுன்னு தேச்சி வச்சிருக்கேன் பாய்!" என்று மனைவி பின்னாலிருந்து பெருமையாகக் குரல் கொடுத்தாள்.

அவர் நெற்றியில் நரம்பு ஒன்று எழுந்தது. "அதுலதாம்மா தண்ணிய சுத்தம் பண்ற நல்ல கிருமி குடியிருக்கு," என்றார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். "தம்பி, கவனமா கேளு. தண்ணி மேலேருந்து எறங்கல. நேரா அடிக்குப் போயி, அடியிலேருந்து மேல ஏறுது. அடியில கறுப்பு ஸ்பாஞ்சு. பெரிய அழுக்கு அதுல நிக்கும். அதுக்கு மேல நீலம். அதுக்கு மேல வளையம். உச்சியில பஞ்சு."

"தம்முன்னு அப்பவே சொன்னேன் பாய்!" என்று மச்சான் என் தோளுக்கு மேல் தலையை நீட்டினார்.

"கறுப்பு ஸ்பாஞ்சு எங்க?"

"பிஞ்சு போச்சுண்ணே. ஆனா கவலையே படாதீங்க. நம்ம கடை ஃபோம் போட்டிருக்கேன். நாப்பது டென்சிட்டி. ஆயுசுக்கும் அழுந்தாது."

"அதுல தண்ணி போவுமா?"

"உக்காரலாம்ண்ணே."

அவர் உதடு மட்டும் அசைந்தது. ஓதுகிறாரா, என்னைத் திட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, ரெட்டியார்பாளையத்து வளர்ப்பு மீன் கடையில் ஸ்பாஞ்சும் நல்ல கிருமி பாட்டிலும் வாங்கு, பணம் நான் வந்து தருகிறேன் என்றார். அவர் மனைவி குறுக்கே வந்து, "அதுவரைக்கும் தண்ணிய மொண்டு மொண்டு ஒசரத்துலேருந்து ஊத்துங்க, மூச்சு கெடைக்கும்," என்றார். அதற்குள் அங்கே பாங்கு சொல்லிவிட்டார்கள். "தொழுதுட்டு வரேன்," என்றவர் தொட்டியை ஒருமுறை பார்த்தார். "அது…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனை வைத்தார்.

நான் லுங்கியோடு வண்டியை எடுத்தேன். விழுப்புரம் ரோட்டில் இருந்த அத்தனை சிக்னலும் சிவப்பாக இருந்தது. மீன் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குனிந்து உள்ளே பார்த்து, "கிருமி இருக்கா?" என்று கேட்டேன். சோற்றுக் கையோடு எழுந்துவந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். எங்கள் பரம்பரையில் கிருமியைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் நான்தான். கறுப்பு ஸ்பாஞ்சையும் வாங்கி, ஊதிப் பார்த்தேன். மறுபக்கம் காற்று வந்தது. என் ஃபோமை நான் ஊதிப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தபோது மச்சான் நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு சொம்பால் மொண்டு, டீ ஆற்றுவது போலத் தலைக்கு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் தண்ணீர். மீன் அந்த நுரைக்குக் கீழேயே வாயை வைத்துக்கொண்டு நின்றது. உயிரோடு நின்றது.

அடியில் கறுப்பு. மேலே நீலம். வளையம். பஞ்சு. சொல்லிச் சொல்லி வைத்தேன். மூடியின் கொக்கிகளைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி பார்த்துவிட்டுப் போட்டேன். பாட்டிலில் எழுதியிருந்த அளவை மச்சான் கண்ணாலேயே அளந்து ஊற்றினார். சுவிட்சைப் போட்டதும் ஃபில்டர் நாலைந்து ஏப்பம் விட்டது. பிறகு தண்ணீர் கொட்டியது. மேல்மட்டம் சலசலவென்று ஆடியது. மீன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஓட்டத்துக்குள் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் தண்ணீர் தெறித்தது என்பாள்.

தொழுகை முடிந்து அண்ணன் கூப்பிட்டார்.

"இருக்கா?"

"இருக்குண்ணே."

முகம் தெரியாதபடி போனைத் தாழ்த்திவிட்டார். அதன்பின் போனில் வெள்ளைத் தரையும் யாருடையவோ கால்களும் மட்டும் தெரிந்தன.

ஊர் திரும்பியதும் ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சம்பழம், எனக்கு ஒரு தொப்பி எல்லாம் கொடுத்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே தொட்டியிடம் போனார். மீனும் கண்ணாடியோரம் வந்தது.

கடையில் இன்றைக்கும் கத்துகிறார். குடோனிலிருந்து ஆளும் வருகிறான். என்னைப் பார்த்தால் மட்டும் அவருடைய குரல் தானாக மதீனாவுக்குப் போய்விடுகிறது. "என்ன தம்பி, ஏதாவது வேணுமா?" என்று அத்தனை மென்மையாகக் கேட்கிறார். அந்தக் குரலுக்கு முன்னால் ஸ்பாஞ்சு, கிருமி என்று கணக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பழையபடி ஒருநாள் என்னைப் பார்த்துக் கத்தினால் நானும் கத்திக் கேட்டுவிடுவேன். அவருக்கும் அந்தக் கணக்கு ஞாபகம் இல்லை போல. ஒவ்வொரு முறையும் "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்," என்று சொல்லிவிட்டு, மீனைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவரிடமிருந்து எனக்கு வர வேண்டியது எழுநூற்றுப் பத்து ரூபாய்.