யானை வருமா என்று அவள் கேட்டாள்

ஒரு பெண்ணின் சாவுக்கு நான் காரணம். அவ்வளவுதான் என்றால் எப்போதோ யாரிடமாவது அழுது தீர்த்திருப்பேன். செத்துப்போனவள் மீதே பழியையும் போட்டேன்... அதைத்தான் இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல் வட்டையில், தாய்வழிச் சீதனமாக வந்த கொஞ்ச நிலம் எனக்குண்டு. கணவனைப் பிரிந்து வந்த பிறகு வயலோரத்தில் வீடொன்று கட்டிக்கொண்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்குவார்கள். காலையில் என்னோடு வயலில் வேலை செய்வார்கள். நான் சோறும் படுக்கையும் கொடுப்பேன்.

நீங்களும் அப்படியொரு விடுமுறையை எண்ணியிருக்கலாம். வந்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்று இணையத்தில் தேடியிருக்கலாம். நான் எழுதி வைத்திருந்ததையே வாசித்திருக்கவும் கூடும்! வைக்கோல் சுணை உடம்பெல்லாம் அரிக்கும், அரிவாள் பிடித்த கை கொப்புளிக்கும், நுளம்பு கடிக்கும், பத்து மணி வெயிலில் தலை சுற்றும்... எதையும் நான் ஒளிக்கவில்லை.

யானையைத் தவிர.

தொடக்கத்தில் அதையும் எழுதித்தான் இருந்தேன். வாசித்தவர்கள் வரவில்லை. துணிந்து வந்த ஒரு சோடியும் வரப்பில் கிடந்த யானை லத்தியைக் கண்டு மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆளற்ற வீட்டில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்கே அந்த வரியை அழித்தேன்.

அதன் பிறகு வந்தவள்தான் ஆரணி.

லண்டனில் பிறந்தவள். தாயின் ஊர் செட்டிபாளையம். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள், ஆனால் விடாமல் பேசினாள். சோறு தின்னும்போது பேசினாள், பாத்திரம் கழுவும்போது பேசினாள். என் வீட்டில் மனிதக் குரல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது எனக்கு.

வந்த அன்று பின்னேரம், முற்றத்தில் நின்று காட்டுப்பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, இங்க யானை வருமா?"

"முந்தி வந்தது தங்கச்சி. இப்ப வேலி போட்டிருக்கு. வாறேல்ல."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்! மின்வேலி அறுந்து கிடந்தது. முந்தின கிழமைதான் பக்கத்து வளவின் வாழைகளை யானை முறித்துப் போட்டிருந்தது. எல்லாம் தெரிந்த வாய்தான் அப்படிச் சொன்னது. இவளும் போய்விடுவாளோ என்ற பயம்... அது ஒரு காரணமா? நீங்கள்தான் சொல்லுங்கள்.

என் வயலைக் கவனித்துக்கொள்ளும் முல்லைக்காரர் வேலாயுதண்ணன், மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தப் புள்ளயிட்டச் சொல்லி வையுங்க. விடியப்புறத்தில வயலுக்க இறங்க வேணாம். வேலியில கரண்ட் இல்ல."

"சொல்றன் அண்ணன்."

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்றிருந்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அது பெரும்போக அறுவடைக் காலம். மெசின் வெட்டிப்போன பிறகு, அது எட்டாத மூலைகளைக் கையால் அறுக்க வேண்டும். ஒரு மூலையை ஆரணியிடம் விட்டிருந்தேன். பாவம், அரிவாளை எப்படிப் பிடிப்பதென்றே அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை கொப்புளங்களில் துணி சுற்றிக்கொண்டு குனிந்து நின்றாள். கூலிக்கு வந்த மற்றப் பெண்கள் முடித்துக் கரையேறிய பின்னும் அவளுடைய மூலையில் பாதி நின்றது.

"இப்பிடி வெட்டினா அடுத்த போகம் வந்திரும் புள்ள!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முகம் மட்டும் சிவந்து போயிற்று.

அடுத்த நாள், நிலம் வெளுக்குமுன் எழுந்து போயிருக்கிறாள். நாங்கள் வருவதற்குள் தன் மூலையை முடித்துவிட வேண்டுமென்று! நான் எழும்பியபோது பாய் மடித்து வைத்திருந்தது. குசினியில் அவள் தேநீர் குடித்த கோப்பை கவிழ்த்திருந்தது.

பிறகு வேலாயுதண்ணன் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

அங்கே நான் கண்டதை எழுதமாட்டேன். எழுத எனக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்... அவளுடைய மூலையில் அறுக்க மிச்சம் கொஞ்சந்தான் இருந்தது. அறுத்த கதிரை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள்.

தாயும் தகப்பனும் லண்டனிலிருந்து வந்தார்கள். செட்டிபாளையத்தில், தாய் பிறந்த வீட்டில் வைத்துத்தான் பிள்ளையின் இறுதிச்சடங்கு நடந்தது. சனம் நிறைந்த முற்றத்தில் தகப்பன் என்னிடம் வந்தார். கோபமே இல்லை. பிள்ளையைத் தொலைத்த ஒருவர் விளக்கம் கேட்கிறார், அவ்வளவுதான்.

"மகள், யானை வாறது அவளுக்குத் தெரியாதா? நீங்க சொல்லல்லயா?"

அந்தக் கணம் எனக்குக் கிடைத்தது. இதோ, இதுதான் சொல்ல வேண்டிய இடம் என்று தெரிந்தது. வேலாயுதண்ணன் பக்கத்தில் நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொன்னன் ஐயா. படிச்சுப் படிச்சுச் சொன்னன். கேக்கல்ல."

"ஓம் ஐயா," என்றார் வேலாயுதண்ணன் அழுதுகொண்டே. "புள்ளயிட்டச் சொல்லச் சொல்லி நானும் இந்தத் தங்கச்சியிட்டச் சொன்னன்."

நல்ல மனிதர். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பினார்.

தகப்பன் மெல்லத் தலையாட்டினார். "சின்னனில இருந்தே அப்பிடித்தான். பிடிச்சா ஒரே பிடி."

சவத்தின் தலைமாட்டில் இருந்த தாய் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னாக் கேப்பாளே..." என்றாள். "என்ட புள்ள சொன்னாக் கேப்பாளே!"

"சும்மா இரு நீ," என்று தகப்பன் அடக்கினார்.

அவர்கள் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் வீட்டைப் பூட்டினேன். இப்போது யாரையும் அழைப்பதில்லை. இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்டனை அனுபவிப்பவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

தகப்பன் இடைக்கிடை அழைத்துப் பேசுவார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக! "நீங்க மனச விட்றாதீங்க மகள். உங்களில பிழையில்ல," என்பார். நான் ஓம் ஐயா, ஓம் ஐயா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன கிழமை அழைத்தபோது அவருடைய குரல் தளர்ந்திருந்தது. மனைவி அவரோடு சரியாகப் பேசுவதில்லையாம். ஒரே வீட்டில் இருந்தும் ஆளுக்கொரு அறையாம். மகள் சொல்லுக் கேளாமல் செத்தாள் என்று அவர் யாரிடமாவது சொன்னால், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாதாம்.

"நீங்களே ஒருக்கா இவக்குச் சொல்லுங்க மகள். நீங்க சொன்னா நம்புவா. அதுக்குப் பிறகாவது ஒரு அமைதி வரட்டும்."

தொலைபேசி கைமாறியது. அந்தத் தாய் கேட்டாள்.

"புள்ள... நீங்க அவளுக்குச் சொன்னீங்களா?"

இல்லை அம்மா என்ற சொல் தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது! அதைச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்திருப்பாள்... சொன்னதைக் கேட்கும் பிள்ளையாக.

"ஓம் அம்மா," என்றேன். "சொன்னன்."

"அப்ப சரி," என்றாள் அவள். அழவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டாள்.