சித்தியும் கிராணியின் சைக்கிளும்

மலாயாவில் பெக்கோக்கை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், எந்த ரகசியத்தையும் என்னால் அரை நாளுக்கு மேல் காப்பாற்ற முடிந்ததில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி ஊரிலிருந்து கப்பலேறி வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்தால், சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு செம்மண் சாலை வரை நடந்து வருவார்.

ஒருநாள் சீன மருத்துவச்சி ஒருத்தி சைக்கிளில் எங்களைக் கடந்து போனாள். அவள் மறையும்வரை சித்தி பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதுல போனா எப்படி இருக்கும் புள்ள?" என்று சிரித்தார். உடனே, "யாருகிட்டயும் சொல்லிடாத" என்றார்.

விளக்கு வைப்பதற்குள் நான் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

சித்திமேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். மறுநாளே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி அவருடைய பழைய சைக்கிளை இரவல் வாங்கி, மணியடித்துக்கொண்டே எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு முன்னால் தள்ளி வந்தார். மூன்றே ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுவதாகக் கூடியிருந்தவர்களிடம் அறிவித்தார். அப்புறம் ஆளாளுக்கு யோசனை. கடைத்தெருவுக்கு இனிமேல் சித்தியே போய்வரலாம் என்றார் அம்மா. "எம்புள்ளைக்குக் காய்ச்சல்னா பின்னால வச்சு டவுனுக்குக் கொண்டு போயிரலாம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சித்தி இன்னும் சைக்கிளைத் தொடக்கூட இல்லை. அதற்குள் அவருக்கு ஒரு வாரத்து வேலை சேர்ந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அழுததாக அம்மா சொன்னார். சித்தப்பா மணியில் கை வைத்தபடியே நின்றார். "நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்று, போயும் போயும் என்னைக் கேட்டார்.

சித்தி என்னைத் திட்டவில்லை. நடக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தைப்பூசம் முடிந்த கையோடு கிராணிக்குப் புதுச் சைக்கிள் வந்தது; பழையது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. இந்த முறை சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. சைக்கிளைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, சித்தி அந்தப் பக்கம் வந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். நான் ஒருமுறை பேச வாயெடுத்தபோது, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டே போய்விட்டார்.

சித்தி முதலில் அதைத் துடைத்து வைத்தார். பிறகு ஒருநாள், "வர்றியா புள்ள?" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துச் செம்மண் சாலை வரை தள்ளிக்கொண்டு நடந்தார், தள்ளிக்கொண்டே திரும்பினார். இப்படியே பல நாள்.

சித்திரை பிறந்த பிறகுதான் ஏறி ஓட்டினார். இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, யாருக்கும் எந்தச் சாமானும் வாங்கி வராமல், தோட்டத்து எல்லைவரை சும்மா போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தது.

ஆனால் என் மனதில் நிற்பது அவர் வெறுமனே தள்ளிக்கொண்டு நடந்த அந்த நாட்கள்தான். எனக்குப் பொறுமை கிடையாது. "ஏறுங்க சித்தி, நான் பிடிச்சுக்கிறேன்" என்பேன்.

"இரு புள்ள. இன்னும் வரல."

எது வரவில்லை என்று நான் கேட்கவில்லை. யாரோ வரப்போகிறார்கள் என்று நம்பி, சாலை வளைவையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.