கடைசிப் பக்கத்துக்கு ஒரு சண்டை

மகளுக்கு ஆங்கில இலக்கியச் சோதனை வருகிறது. அவளுடைய பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக முகர்ந்து பார்த்தேன்.

"என்னம்மா, புத்தகத்தை மணந்து பாக்கிறியள்?"

"மீன் மணத்தைக் காணேல்லை" என்றேன். அவளுக்கு என்ன விளங்கும்? உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில், கோப்பாயில் அந்தப் பாடம் எடுத்த நான்கு பெட்டைகளுக்கும் ஒரே ஒரு புத்தகம். சண்டைக் காலம்; வெறும் தாளுக்கே வழியில்லை, புத்தகம் எங்கேயிருந்து வரும்? சிறுகதை, கவிதை, நாடகம், கட்டுரை என்று நான்கு பகுதிகள். பிளேட்டால் வெட்டிப் பங்கு போட்டோம். வெள்ளிக்கிழமைகளில் மாற்றிக்கொள்வோம். ஷெல்லுக்குப் பயந்து குருநகரிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தாள் ஜெசிந்தா, நால்வரில் ஒருத்தி. அவளின் அப்பா மீன்வலை பொத்துகிற ஊசியாலும் நைலோன் நூலாலும் நான்கு பகுதிகளையும் தைத்துத் தந்தார். அன்று முதல் ஆங்கிலம் எனக்கு மீன் மணக்கிற பாஷைதான்.

அடியும் அந்தப் பாடத்தோடு சேர்ந்தே வந்தது. ரியூசன் மாஸ்டர் ஒரு சொல் பிசகினாலும் பூவரசங்கம்பை எடுப்பார். வசந்தகாலத்தைப் பற்றிய ஒரு கவிதைக்கு என் உள்ளங்கை வீங்கிப் போனது. வசந்தகாலத்தை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

வெட்டும்போது ஒரு மடைத்தனம் செய்துவிட்டோம். நாடகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கம்தான் கட்டுரையின் முதல் பக்கம். ஒரே தாள்; அது நாடகத்தோடு போய்விட்டது. என் முறைக்குத் தலையில்லாத கட்டுரை வந்தது. அடுத்த நாள் மாஸ்டர் அந்தத் தலையில்தான் கேள்வி கேட்பார். நாடகம் ஜெசிந்தாவிடம். ஓடினேன்.

"நாளைக்குத் தாறன். முடிவை இன்னொருக்கா வாசிக்கவேணும்" என்றாள்.

நான் பறித்தேன். அவள் என் பின்னலைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் கீறினேன், இரத்தம் வந்தது. மணிக்கட்டில் கடித்தாள், பல் இறங்கியது. கிணற்றடியில் உருண்டு புரண்டோம். அவளின் அப்பா ஒரு வாளி தண்ணீரை அள்ளி இரண்டு பேர் தலையிலும் ஊற்றினார். நனைந்த கோழிகளாக இருந்து சிரித்தோம். தாள் மட்டும் அவளிடமே இருந்தது.

நாடகத்தில் ஒரு தாய். அவளுடைய மகனைக் கொன்றவனே அடைக்கலம் கேட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுவான். தாயின் கையில் துவக்கு.

"அவள் சுடமாட்டாளடி. கதவைத் திறந்து உள்ளுக்கு விடுவாள்" என்றாள் ஜெசிந்தா.

"விசரே உனக்கு? பிள்ளையைக் கொன்றவனையோ?"

"ஓம். நாளைக்கு நீயே வாசிச்சுப் பார். ஏனெண்டு விளங்கும்."

விடிய பொம்மர் வந்து குண்டு போட்டது. நாங்கள் வளவில் வெட்டிவைத்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்துவிட்டோம். அவளும் அப்பாவும் எங்கள் பங்கருக்கு ஓடிவந்த பாதி வழியில். சத்தம் ஓய்ந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். பலாமரக் கொப்பில் நைலோன் நூல் தொங்கியது, அதில் ஒரு தாளும் இல்லை. ஜெசிந்தாவின் கன்னத்தில் நான் கீறிய கீறல் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை.

கடிபட்ட புண் ஆறுவதற்கு முதலே சோதனை வந்தது. நாடகத்தின் முடிவை விளக்கச் சொல்லிக் கேள்வி. அவள் சுடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாய் சுட்டாள் என்று எழுதினேன். நெஞ்சில் சுட்டாள், விழுந்த பிறகும் சுட்டாள், குண்டு முடியும் மட்டும் சுட்டாள் என்று தாள் கிழியக் கிழிய எழுதினேன். இலக்கியத்தில் கோட்டை விட்டேன். அதற்காக ஒரு நாளும் நான் அழுததில்லை.

இப்போது மகளுக்கும் அதே நாடகம்.

"அம்மா, அந்தத் தாய் ஏன் சுடேல்லை? கட்டாயம் வாற கேள்வியாம்."

கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டுகிறாள். முழுப் புத்தகம், பறிக்க ஆளில்லை, பங்குக்கு ஆளில்லை. நான் வாங்கவில்லை. அதைத் தருவதாகச் சொன்னவள் ஜெசிந்தா.

"எனக்குத் தெரியாது பிள்ளை. அது தெரிஞ்சவள் ஒருத்திதான்."

பங்கர் இருந்த இடத்தில் வாழை நிற்கிறது. குருநகர் ஆட்களெல்லாம் எப்போதோ திரும்பிப் போய்விட்டார்கள். மணிக்கட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவளின் பல் பட்ட இடத்தையும் இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.