சத்தமில்லாமல் போட்ட படம்

எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இருந்ததில்லை. நான் நடக்கப் பழகிய மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் அப்பா, "உன்ற மாதிரியேதான் கண்ணு இருப்பா" என்பார். அதை நம்பிப் பலமுறை தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். என் முகம்தான் தெரியும். அதில் எவ்வளவு அம்மா, எவ்வளவு நான் என்று பிரிக்கத் தெரியாது.

அவளை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கம்பெனியின் விளம்பரப் படத்தில்.

அப்போது எங்கள் மலையின் எடப்புளி நாட்டில் விளைகிற மரவள்ளிக் கிழங்கையெல்லாம் கீழ்நாட்டு ஜவ்வரிசிக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டிருந்தது. கிழங்குச் சீசனுக்கு முன்னால் அவர்கள் வேன் ஒன்று ஊர் ஊராக வந்து படம் காட்டும். கம்பெனியின் பெருமை முதலில், சாமிப் படம் பிறகு. இதற்கு மக்கள் தொடர்பு என்று பெயர் வைத்து இன்றைக்குக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு அது ஓசியில் சாமிப் படம் பார்க்கிற வழி. முதல் படம் எப்போது முடியும் என்று பிள்ளைகள் நெளிந்துகொண்டிருப்போம்.

அந்த வருசம் வேன் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கி மூடுபனி ஏற ஆரம்பித்திருந்தது. வேனோடு வந்த அதிகாரி சிரித்த முகமாக எல்லோருக்கும் கும்பிடு போட்டார். பள்ளிக்கூடத்து ஓரம் மிளகுக்கொடி படர்ந்த இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். நான் அப்பாவின் மடியிலும், என்னை வளர்த்த அத்தை பக்கத்திலுமாக உட்கார்ந்தோம். அத்தை அப்பாவுக்கு அக்கா.

அதுவரை எங்கள் ஊரில் போடாத படம் அது. லாரி வந்தது. தராசு வந்தது. பிறகு எங்கள் ஊர்ப் பாதை வந்தது. அந்தப் பாதையில் தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் நடந்து வந்தாள். கட்டை இறக்கிப் போட்டுவிட்டு நேராக எங்களைப் பார்த்தாள்.

பெண்கள் பக்கம் யாரோ "ஐயோ" என்றார்கள். அப்பாவின் கை என் வயிற்றை இறுக்கிப் பிடித்தது. அத்தை என் காதோரம் குனிந்து, "உங்கம்மா சாமி" என்றாள்.

அம்மா பேசினாள். "எங்கள் ஊருக்குக் கம்பெனியின் மருத்துவ வேன் வாரந்தோறும் வருகிறது. இனி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை." வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் அவ்வளவு அழகான குரல். ஆனால் குரல் முடிந்த பிறகும் அம்மாவின் வாய் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் தனியாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பாவின் கையை விலக்கிக்கொண்டு துணிக்குப் பின்னால் ஓடினேன். அங்கே அம்மா இல்லை. துணியை ஊடுருவிய வெளிச்சம் பனியில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு பெரிய முகத்தின் வாய் மெல்லத் திறந்து, மூடி, மரங்களின்மேல் கலைந்து போயிற்று. கையை நீட்டினேன். விரலெல்லாம் ஈரம்.

அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனார்.

"ஏனுங்க, அந்தப் பொம்பள பேசறத இன்னொருக்காப் போடுங்க. சத்தத்த நிறுத்திப்போட்டுப் போடுங்க."

"அவங்க ஆருங்க?"

"எங்கூட்டுக்காரிங்க. இப்ப இல்லீங்க."

அதிகாரி ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுசராகத்தான் இருந்திருக்க வேண்டும். "அதுக்கென்னங்க, தாராளமாப் போடலாம்" என்று சொல்லி மெஷின்காரருக்குச் சைகை காட்டினார். சுருளைப் பின்னோக்கி ஓட்டும்போது மெஷின்காரர் விளக்கை அணைக்க மறந்துவிட்டார். பேசியதையெல்லாம் அம்மா திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொண்டாள். தரையில் கிடந்த விறகுக்கட்டு தானாக எழும்பி அவள் தலையில் ஏறிக்கொள்ள, பின்பக்கமாகவே நடந்து பாதையில் மறைந்தாள்.

பிறகு மறுபடி வந்தாள். சத்தமில்லாமல் வாயைத் திறந்தாள். அந்த வாய் திறந்த அதே நேரம் கூட்டத்துக்குள் அத்தை எழுந்து நின்று பேசினாள்.

"வேனு எங்கீங்க வருது? ஒருநாளும் வந்ததில்லீங்க. நோக்காடுன்னா கம்புல தூளி கட்டித்தான் தூக்கிட்டுப் போறோம்."

அம்மாவின் உதடும் அத்தையின் பேச்சும் இம்மியும் பிசகவில்லை. படம் எடுத்த அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றவள் அத்தை. திரையின் ஓரத்தில் அவள் தோள்பட்டை தெரிந்தது. அன்றைக்கு உடன் நின்ற மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். "கொண்டு போறதுக்குள்ள பாதி வழீல உசுரு போயிருதுங்க. நீங்க படம் புடிச்சுக் காட்டுனா பெரியவங்க பாப்பாங்கல்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

இதைச் சொல்லிவிட்டு அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா அத்தனை பேர்மேலும் அருளாக இறங்கிவிட்டாள் என்று நினைத்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி தானே போய் விளக்கை அணைத்தார். "எனக்குத் தெரியாதுங்க. பேச்செல்லாம் சேலத்துல ஸ்டுடியோல வெச்சுப் போட்டதுங்க" என்றார்.

அப்பா சத்தம் போடவில்லை. "அந்தப் படம் புடிச்ச வருச மழைக்குத்தானுங்க அவளையும் தூளீல தூக்குனோம்" என்று மட்டும் சொன்னார். "அடிவாரத்துக் காரவள்ளிகூடப் போய்ச் சேரலீங்க."

அன்றைக்குச் சாமிப் படம் போடவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வேனின் சிவப்பு விளக்கு பனிக்குள் தெரிந்தும் மறைந்தும் இறங்கிப் போனதைப் பார்த்தபடி ஊரே நின்றது. அந்தச் சீசனில் எங்கள் ஊரிலிருந்து ஒரு கிழங்குகூட அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. கிடைத்த விலைக்கு வேறு ஆளுக்குப் போட்டார்கள். கஞ்சி கொஞ்சம் தண்ணியாயிற்று. மருத்துவ வேன் அதன் பிறகும் வரவில்லை. படம் காட்டும் வேனும் வரவில்லை.

எனக்கோ வேறொன்று கிடைத்திருந்தது. அம்மாவின் குரல். மிளகுக்கொடிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்ப்பேன். "இனி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை." சொல்லச் சொல்ல அம்மா பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும். கனவிலும் அவள் அந்தக் குரலில்தான் என்னைக் கூப்பிட்டாள்.

ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காட்டிலிருந்து வந்த அப்பா கேட்டுவிட்டார். மண்வெட்டியோடு அப்படியே நின்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாஞ் சாமி. அப்படிப் பேசாத."

"அம்மா மாதிரிதானே பேசுனேன்?"

"அது ஆரோ கண்ணு. உங்கம்மா இல்ல."

நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அத்தையும் அப்பாவும் அம்மாவின் குரலை அதற்குள் மறந்துவிட்டார்கள், இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் அது ஞாபகம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.